23 வயசுல ஒண்ணு... 40 வயசுல ஒண்ணு!

'இருபத்திரண்டு வயசுக்குள்ள செட்டில் ஆகலைனா லைஃபே போச்சு மாப்ள!' - மதுரையைச் சுத்தி ஓடுற எந்த இன்ஜினீயரிங் காலேஜ் பஸ்ல ஏறினாலும் மாட்டுத்தாவணி தாண்டுறதுக்குள்ள இந்த டயலாக் காதுல விழுந்துடும். கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்னா கேட்கவே வேணாம். எஜுகேஷன் லோன்ல படிக்கிற எனக்கும் வயித்துல புளியைக் கரைக்கத்தான் செய்யுது. அப்படிப்பட்ட நேரத்துல நான் நினைச்சுக்கிற ஆள்... சரத் கமல்!

நம்மள்ல பல பேருக்கு டேபிள் டென்னிஸ்னா, ஹாஸ்டல்ல நெட்டுக்குப் பதிலா நோட்டுகளை நிறுத்தி வெச்சு ஆடுற டைம்பாஸ். சரத்துக்கு அது குடும்பத் தொழில் மாதிரி. 1982-ல் ராஜமுந்திரியில பிறந்து, சென்னையில வளர்ந்தவர். அப்பா சீனிவாச ராவ், சித்தப்பா முரளிதர ராவ் ரெண்டு பேருமே கோச். நாலு வயசுலயே பேட் பிடிச்சாச்சு!

2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில ஒற்றையர் தங்கம், டீம் தங்கம். அப்போ வயசு 23. நம்ம பஸ் டயலாக்படி மனுஷன் செட்டில்! 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனா, கதையே அதுக்கு அப்புறம்தான்.

டேபிள் டென்னிஸ்ல சிலபஸ் மாறிக்கிட்டே இருக்கும் பாஸ். 2000-ல் பந்து 38 மில்லிமீட்டர்ல இருந்து 40 ஆச்சு. பந்து பெருசானா காத்து அதிகமா தடுக்கும். வேகமும் சுழலும் குறையும். 2001-ல் 21 பாயிண்ட் கேம், 11 பாயிண்ட்டா சுருங்கிச்சு. பேட் ரப்பருக்குக் கூடுதல் துள்ளல் கொடுத்த 'ஸ்பீடு க்ளூ' பசைக்கு 2008-ல் தடை. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து. ஒவ்வொரு தடவையும் கையைப் புதுசா பழக்கணும். சாம்பியனா இருந்தாலும் சலுகை கிடையாது!

நடுவுல சறுக்கலும் நிறைய. 2004 ஏதென்ஸ், 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஆடினவர், 2012 லண்டன்ல இல்லை. முப்பது வயசு. 'அவ்ளோதான்'னு முடிவு கட்ட வசதியான வயசு. அவர் கட்டலை. 2016 ரியோவுக்குப் போனார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல டீம் வெண்கலம். மணிகா பத்ராவோட சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம். ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸ்ல இந்தியா வாங்கின முதல் மெடல்கள் அதுதான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல, நடப்பு சாம்பியன் மா லாங்கிட்டயே ஒரு கேமைப் பறிச்சார்!

அடுத்து, 2022 பர்மிங்ஹாம். ஒற்றையர் ஃபைனல்ல எதிர்ல உள்ளூர் ஹீரோ, இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு. முதல் கேம் 11-13னு போச்சு. அப்புறம் வரிசையா நாலு கேம் நம்மாளுக்கே! கலப்பு இரட்டையர்ல ஸ்ரீஜா அகுலாவோட, டீமோட... மொத்தம் மூணு தங்கம். ஆண்கள் இரட்டையர்ல சத்தியனோட ஒரு வெள்ளி. வயசு 40. ரெண்டு ஒற்றையர் தங்கத்துக்கும் நடுவுல 16 வருஷம்!

இந்த ஆட்டத்துல இப்படி ஒருத்தர் ஏற்கெனவே உண்டு. ஸ்வீடனோட யான் ஓவே வால்ட்னர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சாம்பியன். சரத் முதன்முதலா ஒலிம்பிக்ல ஆடின அதே ஏதென்ஸ்ல, 38 வயசுல செமி ஃபைனல் வரைக்கும் போய் அசத்தினார்.

சரத்துக்கு ஒலிம்பிக் மெடல் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கலை. 2024 பாரிஸ்ல, சிந்துவோட சேர்ந்து தேசியக்கொடி பிடிச்சுட்டுப் போனவர், முதல் ரவுண்ட்லயே தோத்தார். 10 தடவை தேசிய சாம்பியனா இருந்துட்டு, 2025 மார்ச்ல சொந்த ஊரான சென்னையில பேட்டைக் கீழே வெச்சார்.

எனக்குத் தெம்பு கொடுக்கிறது அந்தத் தங்கங்கள்கூட இல்லை. லண்டனுக்குப் போகாத 2012தான். அந்த வருஷமும் அவர் பிராக்டீஸுக்குப் போயிருப்பார்ல? போன கேம்ல எப்படித் தோத்தாலும் அடுத்த கேம் 0-0லதானே ஆரம்பிக்குது!

உங்க ஹாஸ்டல்லயும் ஆஃபர் லெட்டர் வராம மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அட்வைஸ் வேணாம் மக்களே... ஒரு கேம் ஆடக் கூப்பிடுங்க. பதினொரு பாயிண்ட்தான்!