நடைக்கோடு

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பணக்காரர் வீடு என்றால் கூடத்தில் வளைந்து இறங்கும் மாடிப்படி ஒன்று இருந்தே தீரும். அப்பா பட்டு அங்கியோடு அதில் இறங்கி வந்து மகளின் காதலைத் தடுப்பார். மகள் அழுதுகொண்டே அதில் ஏறி ஓடுவாள். துணி வாளியோடு யாரும் அந்தப் படியில் ஏறி நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் வளைவுப் படி வேண்டும் என்று வருகிறவர்கள், அதில் தாங்கள் இறங்கி வருவதைத்தான் மனதில் பார்க்கிறார்கள். ஏறுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் கட்டுமானப் பொறியாளர். கோவையில் 14 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். அதில் வளைவுப் படி வைத்த வீடுகள் 11. மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் தாங்கலே இல்லாமல் நிற்கும் கான்கிரீட் அது. பாரம் ஏறினால் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் பார்க்கும். அதனால் மேலும் கீழும் கம்பி, இரண்டு முனையிலும் கூடுதல் கம்பி. சென்ட்ரிங் அடிக்கிறவர்கள் பலகையைச் சின்னச் சின்னதாக அறுத்து விசிறி மாதிரி அடுக்க வேண்டும். ஊற்றிய பிறகு 21 நாள் முட்டில் கை வைக்க நான் விடுவதில்லை. இதெல்லாம் கடினம்தான், ஆனால் பழகிவிடும். சண்டை வருவது அளவில்.

நேர்ப்படியில் ஒவ்வொரு மிதியும் ஒரே அகலம். வளைவில் அதே மிதி உள்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் விரிகிறது. ஆகவே இந்தப் படி எவ்வளவு அகலம் என்று யாராவது கேட்டால், நீங்கள் எங்கே கால் வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏறுகிறவரின் கால் விழும் இடங்களைக் கற்பனையாகச் சேர்த்து ஒரு கோடு போடுகிறோம். அதுதான் நடைக்கோடு. உள்பக்கத்திலிருந்து சுமார் ஒன்றரை அடி தள்ளிப் போட்டு, அதன்மேல்தான் மிதியை அளக்கிறோம்.

இரண்டு படி உயரத்தோடு ஒரு மிதி அகலத்தைக் கூட்டினால் ஓர் எட்டு வர வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிரான்சுவா ப்ளோந்தெல் எழுதி வைத்தது. சமதரையில் இயல்பாக நடக்கிறவரின் எட்டு, அந்தக் காலப் பிரெஞ்சு அங்குலத்தில் 24, நம் கணக்கில் கிட்டத்தட்ட 65 சென்டிமீட்டர். கைவீசி நடக்கிறவரின் எட்டு அது. இடுப்பில் பிள்ளை இருந்தால் எட்டு எவ்வளவு என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் வாளிக்கு இன்னொரு கை போய்விடும், கைப்பிடிக்குக் கை மிஞ்சாது. இது எந்தக் கணக்கிலும் வராது. வளைவுப் படியில் இன்னொரு கேடும் உண்டு. பயப்படுகிறவர், முட்டிவலிக்காரர், பிள்ளை வைத்திருப்பவர் எல்லாரும் பிடிமானம் தேடி உள்கம்பிப் பக்கம்தான் ஒதுங்குகிறார்கள். படி ஒடுங்குவதும் அங்கேதான்.

ஒரு வீட்டுக்காரர் படத்தோடு வந்தார். தளத்துக்குத் தளம் 10 அடி 4 அங்குலம். அரைவட்டமாக 17 படி, தங்குமேடை கிடையாது, உள்வட்டம் இரண்டரை அடி. ஏறும்போது வலஞ்சுழியாக வர வேண்டும், எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அந்தப் படத்தில் படி உயரம் ஏழேகால் அங்குலம். நடைக்கோட்டில் மிதி ஒன்பதரைகூட வரவில்லை. உள்ஓரத்தில் 6 அங்குலம், குழந்தையின் பாதம்தான் நிற்கும்.

"190 மில்லிமீட்டர் வரைக்கும் கோடு விடுதுங்களே மேடம்?" என்றார். படித்துவிட்டு வந்திருந்தார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 190 வரை உயரம் விடுவது உண்மைதான். மிதி 250க்குக் குறையக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அவர் படத்தில் அது 239. தவிர, 190 என்பது இதற்கு மேல் போகாதே என்ற எல்லை. அந்த எல்லையை ஒட்டித்தான் கட்ட வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும் கூடத்துத் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியில் அவர் படத்தை முழு அளவில் போட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு, வாளியில் தண்ணீர் நிரப்பி, உள்ஓரமாக நடக்கச் சொன்னேன். நாலு படி நடந்தார். "ஏனுங்க, இதுல வாளியோட எப்படிங்க திரும்பறது?" கூடத்தைப் பற்றி அந்த அம்மா ஏதாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத்தான் கீழயே ரூம் போட்டாச்சேம்மா" என்றார் மகன். "அப்ப மாடில வடகம் யாரு கண்ணு காயப்போடறது?" என்றார் அவர்.

உள்வட்டம் நாலரை அடி ஆனது. 19 படி, உயரம் ஆறரை அங்குலம் சொச்சம், நடைக்கோட்டில் மிதி 11. நடுவில் ஒரு தங்குமேடை. கூடம் நீளத்தில் 4 அடியும் ஆழத்தில் 2 அடியும் இழந்தது. பெரிய சோபா போயிற்று. அதை அவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். வெளிப்பக்கம் வெறும் கண்ணாடி போதும், கைப்பிடி வைத்தால் அழகு கெடும் என்றதற்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அகலமான பக்கத்தில் பிடிமானம் இருந்தால் பயப்படுகிறவர்கள் அகலத்தில் நடப்பார்கள்.

அந்தப் படியில் முதலில் ஏறியவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. கான்கிரீட் நாளில் சும்மாடு கட்டி, சாரத்தில் ஏறி, சட்டி சட்டியாகத் தூக்கிக் கொடுத்தவர்கள் 6 சித்தாள் பெண்கள். படிக்குக் கீழிருந்து மேலாகத்தான் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலவை வழிந்துவிடும். பிறகு சாய்தளத்தின் மேல் கொத்தனார் செங்கல்லில் படி கட்டினார். கலவை சுமந்து ஏறி இறங்கிய ஓர் அக்கா, 20 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மணி, அஞ்சாவது படி ஒசந்து கெடக்குது. காலு சொல்லுது." மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் உயரம். ஒன்றுபோல இருக்கும் படிகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருந்தால் அதில்தான் ஆள் தடுக்கி விழும். "சித்தாளு சொல்லி நான் படிய இடிக்கணுங்களா?" என்றார் மேஸ்திரி. இடித்துக் கட்ட வைத்தேன்.

சம வேலைக்குச் சம கூலி என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை மீறாமலே தப்பிக்க வழி உண்டு, வேலைக்கு வேறு பெயர் வைத்தால் போதும். கரணை பிடித்தால் கொத்தனார், சட்டி தூக்கினால் சித்தாள். 20 வருடம் பக்கத்தில் நின்று பார்த்தாலும் கரணை கைக்கு வராது. அடுத்த வேலையில் அந்த அக்காவுக்குக் கரணை கொடுக்கச் சொன்னேன். மேஸ்திரி பூசி மெழுகவில்லை. "அப்புறம் கலவை யாருங்க சுமக்கறது?" என்றார்.

இப்போது என் வேலைகளில் படி கட்டும் நாட்களில் அந்த அக்கா சட்டி தூக்குவதில்லை. டேப்பும் மட்டக்குழாயுமாக ஒவ்வொரு படியையும் பார்க்கிறார். ஆனால் குழாயை வைக்கும் முன்பே மிதித்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். கூலி நோட்டில் கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று மூன்று பத்திதான் அச்சாகியிருக்கிறது. நான் ஓரத்தில் கோடு போட்டு 'படி மட்டம்' என்று எழுதி, எதிரே கொத்தனார் கூலியைப் போடுகிறேன். மேஸ்திரி மற்ற பக்கங்களில் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே திருப்பித் தருகிறார்.