சொல்லின் வாலில் இருக்கிறது சூட்சுமம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு வரும். இடது பக்கம் திரும்பினால் பெரியபாளையம். நேரே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆடி மாதத்தில் பவானி அம்மனைப் பார்க்க வேப்பிலை கட்டிய வண்டிகள் இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். நேர் ரோட்டில் வருஷம் முழுக்க ஷிஃப்ட் வேன்களும் டேங்கர் லாரிகளும்தான்.

அந்த டேங்கர்களின் முதுகில் பெரிய எழுத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். பெரியபாளையத்திலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் ஒரு தொழிலாளி அந்தச் சொல்லை வழியிலும் பார்க்கிறார், கம்பெனி குடோனில் அடுக்கியிருக்கும் தின்னர் டிரம்களிலும் பார்க்கிறார். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். மகள் இப்போது பத்தாவது. ஆங்கிலத் தேர்வில் பின்னொட்டுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி உண்டு என்பதால் ஒருநாள் ராத்திரி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சஃபிக்ஸ்னா என்னம்மா?”

“வால் மாதிரிப்பா. சொல்லுக்குப் பின்னாடி ஒட்டணும். ஒட்டினா அட்ஜெக்டிவ் ஆயிடும். கேர்னா அக்கறை. கேர்ஃபுல்னா கவனமான. கேர்லெஸ்னா என்ன, சொல்லுங்க?”

“கவனம் கம்மி.”

“கம்மி இல்லப்பா, சுத்தமா இல்ல!”

மகள் சொன்னதுதான் சரி. குறைவு என்று பொருள் தரும் ‘லெஸ்’ வேறு, வாலாக ஒட்டும் ‘லெஸ்’ வேறு. வாலாக வருவது பழைய ஆங்கிலத்தில் ‘இல்லாத’ என்று பொருள்பட்ட தனிச்சொல். தமிழின் ‘அற்ற’தான் அதற்குச் சரியான ஜோடி. ஹோம்லெஸ் என்றால் வீடற்ற, ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கையற்ற.

தமிழர்களுக்கு இந்த வால் வித்தை புதிதல்ல. அன்பு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அன்பான, அன்புள்ள, அன்பற்ற என்று மூன்று கிளை பிரிகிறது. கடிதத்தில் ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று எழுதத் தெரிந்த யாருக்கும் பெயரடை என்றால் என்னவென்று தெரியும். ஆங்கிலத்தில் எந்த வால் எதற்கு என்று பழகிக்கொண்டால் போதும்.

‘ஃபுல்’ என்றால் நிறைந்த: யூஸ்ஃபுல், பெயின்ஃபுல். ‘அஸ்’ என்பதும் கிட்டத்தட்ட அதேதான்: டேஞ்சரஸ், பாய்சனஸ். ‘அபிள்’ என்றால் அப்படிச் செய்யலாம் என்று பொருள். வாஷபிள் என்றால் துவைக்கலாம், ரீசார்ஜபிள் என்றால் திரும்பச் சார்ஜ் ஏற்றலாம். கடைசியில் ‘ஒய்’ எழுத்து சேர்ந்தால் டஸ்ட் டஸ்டியாகும், ரெயின் ரெய்னியாகும்.

வால் ஒட்டும்போது எழுத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஃபுல்’ தனியாக நின்றால் இரண்டு ‘எல்’, வாலானால் ஒரே ‘எல்’. பியூட்டியின் கடைசி ‘ஒய்’, பியூட்டிஃபுல்லில் ‘ஐ’ ஆகிவிடும். ஃபேம், ஃபேமஸ் ஆகும்போது கடைசி ‘ஈ’ உதிர்ந்துவிடும். கரேஜ், கரேஜியஸ் ஆகும்போது மட்டும் அந்த ‘ஈ’ அப்படியே நிற்கும். அது போய்விட்டால் ‘ஜ’ ஒலி ‘க’ ஒலியாகிவிடுமே!

சில சொற்களுக்கு இரண்டு வால் உண்டு. இண்டஸ்ட்ரி என்ற ஒரே சொல்லிலிருந்து இண்டஸ்ட்ரியலும் பிறக்கிறது, இண்டஸ்ட்ரியஸும் பிறக்கிறது. முன்னது தொழில் சார்ந்தது, பின்னது கடுமையாக உழைக்கிற குணம். சிப்காட் இண்டஸ்ட்ரியல் ஏரியா. அங்கே வேலைக்கு மனுப் போடும் பிள்ளை தன் பயோடேட்டாவில் எழுத வேண்டியது இண்டஸ்ட்ரியஸ். மாற்றி எழுதினால் தன்னையே ஒரு தொழிற்சாலை என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொல்லும் உண்டு. நம் ஊர் வரன் விளம்பரங்களில் ‘ஹோம்லி’ பெண் வேண்டும் என்று கேட்பார்கள். குடும்பப் பாங்கான பெண் என்று அர்த்தம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு லட்சணமில்லாத என்று பொருள். அமெரிக்க மாப்பிள்ளைக்கு விளம்பரம் எழுதும்போது யோசிக்க வேண்டும்.

அப்பாவும் மகளும் மறுபடி மோதிக்கொண்டது டிரம்மில் எழுதியிருக்கும் சொல்லில்.

“முன்னாடி ‘இன்’ போட்டா ஆப்போசிட்ப்பா. கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி. அப்ப இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காதது!”

“பாப்பா, அது பக்கத்துல தீப்பெட்டிகூட எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. தீப்பிடிக்காததுக்கா அவ்வளவு கட்டுப்பாடு?”

இந்த முறை அப்பா சொன்னது சரி. மகள் விதியைத் தப்பாகப் படிக்கவில்லை. இந்தச் சொல் அந்த விதிக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். இங்கே வரும் ‘இன்’ எதிர்ப்பதம் காட்டுவதல்ல. ‘தீ மூட்டு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு சேர்ந்தே வந்தது. இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் இரண்டுக்குமே எளிதில் தீப்பற்றும் என்றுதான் அர்த்தம். தீப்பற்றாததற்கு நான்ஃப்ளேமபிள் என்று தனிச்சொல் இருக்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே இது ஆபத்தான குழப்பம். அதனால்தான் 1920-களில் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம், ‘இன்’னை விட்டுவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதும்படி வலியுறுத்தியது. பாதுகாப்புப் பலகைகளில் மெல்ல மெல்ல அந்தச் சொல் இடம்பிடித்தது. நம் டேங்கர்களின் முதுகில் பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல் புரியாவிட்டாலும் படம் பேசும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளில் அதன் வகையைக் காட்டும் குறி இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சிவப்பு டைமண்ட் கட்டத்துக்குள் தீச்சுடர் இருந்தால், உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம் அல்லது வாயு. குழந்தைகளோடு வண்டியில் போகும் பெற்றோர், வழியில் இந்தக் குறியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். விபத்தில் சாய்ந்த டேங்கர் அருகே குடத்தோடு ஓடக் கூடாது என்பதும் அதே பாடத்தில் சேர்ந்ததுதான்.

ஆக, வாலைப் பார்த்தால் பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும். ஆனாலும் அந்தச் சொல் எங்கே, எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ப்ரைஸ்லெஸ் என்ற சொல்லுக்கு வால் ‘லெஸ்’. அதற்காக மலிவானது என்று நினைத்தால் தப்பு. விலை சொல்லவே முடியாத அளவுக்கு உயர்ந்தது அது.

தமிழிலும் இந்த வேடிக்கை உண்டு. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘விலையில்லா’ சைக்கிள் கொடுக்கிறார்கள். இலவசம் என்று அர்த்தம். ‘விலைமதிப்பற்ற’ என்று எழுதினால் பொருளே தலைகீழ். ‘இல்லா’வும் ‘அற்ற’வும் ஒன்றுதானே என்று யாரும் குழம்புவதில்லை. பழகிய மொழி என்பதால் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆங்கிலமும் அப்படிப் பழகும். மகளுக்குப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது பாதி. குடோனில் நின்று வேலை பார்த்த அப்பா சொல்லிக்கொடுத்தது மீதி. ஒரு மதிப்பெண் கேள்வி அவளுக்கு இனி மறக்காது. அதைவிட முக்கியம், டிரம்மில் இருக்கும் அந்தச் சொல்லும் மறக்காது.