பன்னிரண்டு டிகிரி



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க கோல்ஃப் ஆட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அக்கா மகன் ஒருத்தன், "சித்தி உலக்கையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்காங்க" என்று எழுதியிருந்தான். நான் ஆடவில்லை கண்ணுங்களா. படத்துக்காகப் பிடித்ததுதான். ஆனால் அந்தக் குச்சி வீட்டுக்கு வந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

மகள் வீட்டுக்கு, வட கரோலினாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் கோல்ஃப் ஊறிப்போன ஊர். காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் பைன்ஹர்ஸ்ட் வந்துவிடும். 2024-இல் யு.எஸ். ஓபன் போட்டி அங்கேதான் நடந்தது. எங்கள் மாப்பிள்ளையும் பத்து வருஷமாக ஆடுகிறார். சனிக்கிழமை விடிந்தால் நாலு பேர் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள். ஒருவர் ஆந்திரா, ஒருவர் பஞ்சாப், ஒருவர் இந்த ஊர்க்காரர். நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சு எப்படியோ, அவருக்கு அந்த நாலு பேர் கூட்டம் அப்படி.

போன வருஷம் அவருக்கு வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆனது. ஆறு மாதம் பிசியோதெரபி. டாக்டர் "இனி ஆடலாம்" என்று சொன்னதும் இரண்டு வாரம் போனார். மூன்றாவது வாரம் போகவில்லை. கோல்ஃப் பை கார் ஷெட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றது. நான் வந்தபோது அதன் மேல் தூசி படிந்திருந்தது. சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஆடப் போறதில்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பந்து போக மாட்டேங்குது அத்தை. அவங்க மூணு பேரும் எனக்காக நின்னு நின்னு ஆட வேண்டியிருக்கு. எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு?"

எனக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரிந்த பேச்சு. எங்கள் வீட்டு ஐயா இடுப்பெலும்பு முறிந்து எழுந்த பிறகு இதே வார்த்தையைத்தான் சொன்னார். காலையில் கூட நடக்கிறவர்கள் தனக்காக மெதுவாக நடக்கிறார்கள் என்று சொல்லி நடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் கோயில். அப்புறம் கல்யாணம் காட்சி. கடைசியில் வாசல் திண்ணைக்கு வருவதும் நின்றது. மாப்பிள்ளைக்கு வயது 47. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மகளுக்கும் அதே கவலை. பிறந்தநாள் பரிசாக ஒரு ஃபிட்டிங்குக்குப் பதிவு செய்துவிட்டாள். தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போல, ஆளுக்கு ஏற்ற கோல்ஃப் குச்சியை அளந்து தேர்ந்தெடுப்பதுதான் ஃபிட்டிங். கட்டணம் 125 டாலர். "புது டிரைவர் 600 டாலர் ஆகும், நம்ம ஊர்க் காசுக்கு 50 ஆயிரம். ஆடாத ஆளுக்கு எதுக்கு?" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். அன்று மகளுக்கு ஆபீஸ் வேலை. அதனால் துணைக்கு நான் போனேன்.

கோல்ஃபில் முதல் அடி அடிக்கிற நீளமான குச்சிதான் டிரைவர். அதன் தலை ஒரு சின்னச் சுரைக்காய் போலப் பெரிதாக இருக்கும். 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே உண்டு. பந்தைத் தொடுகிற முகம் நேர்ச் செங்குத்தாக இருக்காது, சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோணத்துக்குப் பெயர் லாஃப்ட். கடையில் பெரும்பாலும் 9, 10.5, 12 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கோணமானியை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை டிகிரி என்பது அதில் இரண்டு கோடுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட சில கோடுகளுக்குள்தான் மாப்பிள்ளையின் பிரச்சினையே இருந்தது. அவர் வைத்திருந்தது 9 டிகிரி.

அளவெடுக்கிறவருக்கு என் வயது இருக்கும். போனதும் குச்சியை எடுத்து நீட்டவில்லை. பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். தோள் எந்த அசைவில் வலிக்கிறது? வாரத்துக்கு எத்தனை தடவை ஆடுவீர்கள்? பந்து எந்தப் பக்கம் போகிறது? நல்ல வாத்தியார் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு பழைய டிரைவராலேயே அடிக்கச் சொன்னார். பக்கத்தில் ரேடார் வைத்த ஒரு கருவி, எதிரே திரை. ஒவ்வொரு அடிக்கும் குச்சியின் வேகம், பந்து கிளம்பும் கோணம், அதன் சுழற்சி, காற்றில் போகும் தூரம் எல்லாம் திரையில் வரும். சரியில்லாத அடிகளைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி எடுத்தார். குச்சியின் வேகம் மணிக்கு 85 மைல். ஆபரேஷனுக்கு முன்னால் 100 இருந்ததாம். பந்து கிளம்பும் கோணம் 8 டிகிரி. காற்றில் போன தூரம் 173 யார்டு. கிளம்பிய வேகத்தில் தரையைத் தேடி இறங்கிவிடுகிறது. தோளுக்குப் பயந்து உடம்பு தானாகவே குச்சியை மேலிருந்து கீழாக வெட்டுகிறது என்றும் கருவி காட்டியது.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். ஒரே தண்டு, அதில் தலையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். அறிவியல் பாடத்தில் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் விளைந்தது என்று தெரியாது. அதையே அங்கே கண்ணால் பார்த்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம். கல்லை 45 டிகிரியில் எறிந்தால்தானே அதிக தூரம் போகும், இவர்கள் ஏன் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சண்டை போடுகிறார்கள்? மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். அந்த மனிதர் என்னைப் பார்த்து, கையைத் தட்டிச் சிரித்தார். காற்றே இல்லாத இடத்தில்தான் அந்த 45 கணக்கு. கோல்ஃப் பந்து கிளம்பும்போது பின்பக்கமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியும் பந்தின் மேலுள்ள குழிகளும் சேர்ந்து அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கின்றன. அதனால் குறைந்த கோணத்தில் கிளம்பினாலே போதும். ஆனால் தூக்குவதற்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்தவர் லாஃப்டையும் குறைத்தால் பந்து எழும்பாது. வேகம் நிறைந்தவர் லாஃப்டைக் கூட்டினால் சுழற்சி அதிகமாகி, பந்து பலூன் மாதிரி மேலே போய் தூரத்தை இழக்கும். யாருக்கும் பொதுவான நம்பர் என்று ஒன்று கிடையாது.

வீட்டுக்கு வந்து இதைத் தேடிப் படித்தேன். இந்தச் சுழற்சியின் சூட்சுமத்தை 1890-களிலேயே எழுதியவர் பீட்டர் கத்ரி டெயிட், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் மகன் ஃப்ரெடி டெயிட் பிரிட்டிஷ் அமெச்சூர் கோல்ஃப் போட்டியை 1896-லும் 1898-லும் வென்றவர். அப்பா கணக்குப் போட்டார், மகன் பந்தடித்தார். அந்த மகன் 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் இறந்துபோனார். மறு வருஷம் அப்பாவும் போய்விட்டார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, கடைக்கு வருகிறேன். 10.5 போட்டதும் தூரம் 182 ஆனது. அடுத்தது 12 டிகிரி. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. "இதெல்லாம் தாத்தாக்கள் வச்சிருக்கறது அத்தை" என்றார் என்னிடம், தமிழில். அடித்தார். வேண்டாவெறுப்பாக அடித்தால் பந்து எங்கே போகும்? அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. மூன்று தலைகளையும் வாங்கி, அடியில் நம்பர் பொறித்திருக்கிற இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினார். திரையையும் திருப்பி வைத்தார். "எது எதுவென்று பார்க்க வேண்டாம். கைக்கு எது பிடிக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்."

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு உங்கள் நாலாம் வகுப்பு ஞாபகம் வர வேண்டும். 2007-08 வாக்கில் நம் பள்ளியில் செயல்வழிக் கற்றல் வந்ததே, ஏணிப்படி அட்டை, படம் போட்ட அட்டைகள் எல்லாம். நாலாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டாம் வகுப்பு அட்டையில் நின்றான். தங்கச்சி படிக்கிற அட்டையைத் தானும் எடுக்க வேண்டும் என்றதும் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். வகுப்பு எண் தெரியாதபடி அட்டையின் மூலையில் காலண்டர் தாளை ஒட்டிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் தன் வகுப்பு அட்டைக்கு வந்து சேர்ந்தான். இப்போது லாரி வைத்திருக்கிறான், இதையும் படிப்பான். பெயர் சொல்ல மாட்டேன்டா, பயப்படாதே.

மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் ஐந்து அடி அடித்தார். இரண்டாவதாக அடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான். தோளை இழுக்கவே இல்லை" என்றார். டேப்பை உரித்தால் 12. திரையைத் திருப்பினார்கள். கோணம் 13 டிகிரி, தூரம் 190 யார்டு. பழசைவிட 17 யார்டு கூடுதல். பந்து விழுந்த புள்ளிகளும் இடவலமாகச் சிதறாமல் நெருக்கமாக இருந்தன.

மாப்பிள்ளை கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பழைய டிரைவரிலேயே கழுத்தைத் திருகி லாஃப்டைக் கூட்டலாமே, எதற்குப் புதுசு? நியாயமான கேள்வி. அவரும் தட்டிக் கழிக்காமல் திருகிக் காட்டினார். அப்படி லாஃப்டைக் கூட்டினால் முகம் உள்பக்கமாக மூடிக்கொள்கிறது. வலது கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். நாலு அடியும் இடது பக்கம்தான் போனது. இன்னொன்றும் சொன்னார். "டிவியில் ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்து உங்களை அளக்காதீர்கள். அவர்கள் வேகம் 113 மைலுக்கும் மேல். பெண் வீராங்கனைகளைப் பாருங்கள். சராசரி ஏறத்தாழ 95 மைல்தான். ஆனால் கீழிருந்து மேலாக அடித்து, 13 டிகிரி வாக்கில் பந்தைக் கிளப்பி, சுமார் 220 யார்டு அனுப்புகிறார்கள்." இதை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திரும்பும்போது காரில் ரொம்ப நேரம் பேச்சில்லை. சிக்னலில் நின்றபோது, "100 மைல் இனி வராதுங்க அத்தை, இல்ல?" என்றார்.

"எனக்கு அது தெரியாதுங்க மாப்பிள்ளை. 85-க்கு என்ன வேணும்னு இன்னைக்குத் தெரிஞ்சுது."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார்.

இப்போது மூன்று சனிக்கிழமை போய்விட்டார். மற்ற மூவரும் இன்னமும் இவரைவிட தூரம் அடிக்கிறார்கள். பஞ்சாப்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, "என்ன, ரிட்டயர் ஆகிட்டியா?" என்று கேலி செய்தாராம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே வந்து எங்களிடம் சொன்னார். போன சனி மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் கறுத்துப் போய் வந்து, "அத்தை, ரசம் இருக்குங்களா?" என்று கேட்டார். நெஞ்சுக்குள் இருந்த கல் அப்போதுதான் இறங்கியது.

டல்லாஸிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளில் சிலர் கோல்ஃப் ஆடுகிறீர்கள் என்று தெரியும். டிரைவர் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை அளவெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய குச்சியால் அடித்துக் கணக்கு எடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு நல்ல அடியை நம்பாமல் சராசரியைப் பாருங்கள். தண்டு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதையும் அதோடு பார்க்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு அதையும் ஒரு படி மென்மையாக மாற்றினார்கள்.

ஆடாதவர்களுக்கு ஒன்று. உங்களில் முதல் செட்டுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. முட்டி வலி, முதுகு வலி, சர்க்கரை என்று வாலிபால் கூட்டத்தையோ, காலை நடைக் கூட்டத்தையோ, பஜனை மடத்தையோ விட்டவர்கள் இருப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்கு இந்த வாரம் ஒரு போன் போடுங்கள். மெதுவாக நடப்பதற்கு என்ன வேண்டுமோ, குச்சியோ, வேறு செருப்போ, வாங்கிக்கொண்டு போங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்