வெள்ளிப் பெட்டியில் ஒரு தலைப்பாகை

ஜவ்வாது மலையில் தேன் வாணிபம் செய்யும் நண்பர், பழம்பொருள் கடையில் வாங்கிய ஐரோப்பிய வெள்ளிச் சிகரெட் பெட்டியை நம்மிடம் காட்டினார். மூடியில், தலைப்பாகையணிந்த துருக்கியர் திண்டில் சாய்ந்து ஹுக்கா புகைக்கிறார், மேலே பிறை. “நம்மவர் படம், ஹஸ்ரத்!” என்று மகிழ்ந்தார்.

நமக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. புகையிலையின் தாயகம் அமெரிக்கா. அதனைக் கடல் கடந்து கொணர்ந்தவர் ஐரோப்பியர். துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633-இல் புகைத்தலைத் தடுத்து, மீறியோர்க்கு மரண தண்டனை விதித்தார். பிற்காலத்தில் துருக்கியர் புகைத்ததும் உண்மையே. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கம்மியர் பலர், சிகரெட் பெட்டிகளில் கீழ்த்திசையாரைச் சோம்பலின் உருவாகவே பொறித்தனர். அதே தலைப்பாகையணிந்து ஏடெழுதிய ஆலிம்களை அப்பெட்டி காட்டவில்லை.

“வேலைப்பாட்டைப் போற்றுங்கள், அதனை நம் முகமென்று எண்ணாதீர்கள்” என்றோம்.