கராஜ் சீலிங்கும் அப்பாவோட தலைவலியும்

1/ கனடாவுல வின்னிபெக்ல இருக்கேன். ஜனவரியில மைனஸ் 30 எல்லாம் இங்க சகஜம். இது மருத்துவப் பதிவா, வீட்டு ரிப்பேர் பதிவான்னு படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. கொஞ்சம் நீளம்.

2/ எங்க வீட்டுல கராஜுக்கு நேர் மேல ஒரு படுக்கையறை. தரை ஐஸ் மாதிரி இருக்கும். அப்பா ஊர்லேருந்து வர்றாரேன்னு, கராஜ் சீலிங்கைப் பிரிச்சு நானே இன்சுலேஷன் பஞ்சு அடைச்சேன். ஈரம் ஏறக்கூடாதுன்னு அதுக்கு அடியில பாலித்தீன் ஷீட்டும் இழுத்து அடிச்சேன். வீட்டுக்கு ரெயின்கோட் போட்டுவிட்ட திருப்தி!

3/ பொங்கல் முடிஞ்சு அப்பா வந்தார். ரெண்டு வாரம் கழிச்சு, "காலையில தலை பாரமா இருக்குப்பா, வயித்தப் பொரட்டுது" என்றார். பிரஷர் நார்மல். விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினா 97. "குளிர் ஒத்துக்கலப்பா, பழகிடும்"னு சொல்லிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பிட்டேன். மதியத்துக்குள்ள அவருக்கும் சரியாயிடும்.

4/ மார்ச்ல குளிர் கொஞ்சம் விட்டதும் சீலிங்லேருந்து கார் மேல தண்ணி சொட்டுச்சு. சரிபண்ண வந்த பெரியவர் ஷீட்டைக் கிழிச்சார். உள்ள பஞ்சு முழுக்க ஊறிப்போய் இருந்தது.

5/ நம்மூர்ல ஈரம் வெளியிலேருந்து வரும். இங்க குளிர்காலத்துல வீட்டுக்குள்ளேருந்து வரும். சமையல், குளியல், மூச்சு எல்லாத்தோட நீராவியும் சூடான பக்கத்துலேருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். ஜில்லுனு இருக்கிற ஷீட்ல பட்டதும் தண்ணியாகி உறையும். சுடுசோறு வெச்ச டிபன் பாக்ஸ் மூடியை நினைச்சுக்கோங்க. நீராவியைத் தடுக்கிற ஷீட் சூடான பக்கம் இருக்கணும். நான் குளிர்ந்த பக்கம் போட்டிருந்தேன்.

6/ பெரியவர் ஓரத்துல டார்ச் அடிச்சார். அங்க இருந்த பழைய பஞ்சு கறுத்துக் கிடந்தது. "இந்த வழியா காத்து மேல போகுது, அந்த அழுக்குதான் இது. மேல யார் படுக்கிறாங்க? காரை உள்ள வெச்சே சூடு பண்றீங்களா?" என்றார்.

7/ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலை ஆறரைக்கு, கதவைப் பாதி திறந்துவெச்சு, பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவேன். குளிர்ந்த இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகமாக் கக்கும். வீட்டோட சூடான காத்து மேல ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழேருந்து கராஜ் காத்து இழுபடும்.

8/ அந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிக்கும். சாதாரண ஆக்சிமீட்டரால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, 97-னுதான் காட்டும். இதை மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன்!

9/ ரத்தப் பரிசோதனை? அப்போ சாயங்காலம். சுத்தமான காத்துல நாலஞ்சு மணி நேரத்துல பாதி இறங்கிடும். அதனால என்கிட்ட நிரூபணம் இல்ல. ஆனா காரை வெளியில எடுத்து ஸ்டார்ட் பண்ண ஆரம்பிச்சதும் அப்பாவுக்குத் தலைவலி நின்னுபோச்சு.

10/ ஈரப் பஞ்சைத் தூக்கிப் போட்டோம். பைப், ஒயர் போற ஓட்டையெல்லாம் அடைச்சோம். தரைப்பலகையோட அடிப்பக்கம் ஒட்டி ஸ்ப்ரே ஃபோம் அடிச்சோம். கீழ ட்ரைவால் மாட்டி இடுக்கையெல்லாம் டேப் போட்டு மூடினோம். தரையும் இப்ப ஜில்லுனு இல்ல.

11/ அப்பாகிட்ட நடந்ததைச் சொன்னேன். "டாக்டர் புள்ள பாத்துட்டான், ஒண்ணுமில்லன்னு உங்கம்மாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேனேப்பா" என்றார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

12/ குளிர் நாட்டுல இருக்கிறவங்க கவனிங்க. கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள்ள காரை ஓடவிடாதீங்க. படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைங்க. ஆனா குறைஞ்ச அளவுக்கு அது கத்தாமலும் இருக்கலாம். வீட்டுல இருந்தா தலைவலி, வெளிய போனா சரியாகுதுன்னா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. அந்த டாக்டர் உங்க பிள்ளையா இருந்தா, ரெண்டு தடவை சொல்லுங்க.