கூடும் என்ற சொல்

எல்லயின் மலைவிளிம்பில் நின்றால், வானம் தெளிந்த நாட்களில் தெற்கே கடல் தெரியும் என்பார்கள். அந்தக் கடலை நினைக்கையில் எனக்கு ஒரு திமிங்கிலம் நினைவுக்கு வரும். 1963 ஜனவரியில் இரத்மலானையில் கரையொதுங்கிய அலகுத் திமிங்கிலத்தைப் புதிய இனமென அறிவித்தார் பி.ஈ.பி. தெரணியகல. முன்பே அறிந்த இனம்தான் அது என்று பிறர் மறுத்தனர். 2014இல் மரபணு ஆய்வு அவர் கூற்றையே உறுதிசெய்தது. அதுவரை உலகெங்கும் கிடைத்த மாதிரிகள் ஏழே.

நெடுநேரம் ஆழத்தில் மூழ்கியிருக்கும் இவ்வினங்களைக் காண்பது அரிது. ஆகவே, கண்ட சில இடங்களின் ஆழம், கடற்தரைச் சரிவு, நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் கணினியில் இட்டு, அவற்றை ஒத்த பிற இடங்களை ஆய்வாளர் வரைபடமாக்குகின்றனர். அது 'இருக்கிறது' என்று சொல்லாது. 'இருக்கக்கூடும்' என்றே சொல்லும். 2000இல் பஹாமாஸில் போர்க்கப்பல்களின் சோனார் ஒலியால் இத்தகைய திமிங்கிலங்கள் கரையொதுங்கி மடிந்தன. கப்பல்கள் விலகிச் செல்ல அந்தக் 'கூடும்' போதும்.

ஆனால், செய்தியாளனுக்குக் 'கூடும்' செய்தியல்ல. எங்கள் ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு நேரக்கூடுமென 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் புதையுண்ட பின்னரே அது எங்களுக்குத் தலைப்புச் செய்தியாயிற்று.