இந்தப் படத்தை எங்க எடுத்தாங்க?

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் பஸ்ஸில் வெளியூர்க்காரர் யாராவது ஏறினால், கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "அண்ணே, மைனா எடுத்த இடம் எது?" பிரபு சாலமன் இயக்கி 2010 தீபாவளிக்கு வந்த படம். அது வரும்வரை குரங்கணி என்று ஒரு ஊர் இருப்பதே மதுரையைத் தாண்டினால் பலருக்குத் தெரியாது. படம் ஓடியதும், அந்தப் பச்சையும் மேகமும் எந்த ஊர் என்று தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பார்த்த காட்சியை நேரில் பார்த்து, அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால்தான் படம் முழுசாகப் பார்த்த திருப்தி போலிருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சினிமாவில் இடங்கள் பெரும்பாலும் பொய்தான் சொல்லும். தேனிக்காரரான பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தைப் பார்க்கும் எவரும் அது மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமம் என்றுதான் நினைப்பார்கள். எடுத்ததில் பெரும்பகுதி கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம். 'தேவர் மகன்' (1992) கதை நடப்பது தென்மாவட்டத்தில், கேமரா நின்றதோ பொள்ளாச்சியில்.

வெள்ளைக்காரர்களும் இதற்கு விதிவிலக்கில்லை. 'டவுன்டன் அபே' என்று ஒரு பிரிட்டிஷ் டிவி தொடர். 2010 முதல் 2015 வரை ஆறு சீசன் ஓடியது. உலகம் முழுக்க ரசிகர்கள். ஒரு பிரபுவின் குடும்பம், அவர்களுடைய வேலைக்காரர்கள், 1912இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியில் ஆரம்பித்து 1920களின் நடுப்பகுதி வரைக்கும் ஒரு மாளிகைக்குள் நடக்கும் கதை. கதைப்படி அது யார்க்‌ஷயர். நிஜத்தில் அந்த மாளிகை தெற்கே ஹாம்ப்‌ஷயரில் இருக்கும் ஹைகிளீர் கோட்டை. லண்டன் நாடாளுமன்றக் கட்டிடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரிதான் அதற்கும் இப்போதுள்ள உருவம் கொடுத்தவர். கதையில் வரும் கிராமமோ ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரிலுள்ள பாம்ப்டன். வேலைக்காரர்களின் சமையல்கட்டு இரண்டு இடத்திலும் கிடையாது, லண்டனில் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். அதாவது சீமாட்டி மாளிகையில் மணியடித்தால், "இதோ வந்துட்டேன்" என்று ஓடுகிற வேலைக்காரி ஓடத் தொடங்குவது வேறொரு ஊரில் :-)

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. தொடர் வருவதற்கு முன்னால் அந்தக் கோட்டைக்கு ஏகப்பட்ட ரிப்பேர் வேலை பாக்கி. உள்ளே பல அறைகள் பயன்படுத்த முடியாத நிலை. தொடர் பிரபலமானதும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வந்தது. அந்த வருமானம் கோட்டையைச் சரிசெய்ய உதவியது. லொகேஷன் என்பது ஒரு சொத்து, சொத்து யார் பெயரில் இருக்கிறதோ வருமானம் அவர் கைக்கு. கணக்குப் புத்தகத்தில் இதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அந்தத் தொடரில் அடிக்கடி வரும் ஒரு பொருளுக்கு மட்டும் யாரும் லொகேஷன் தேடுவதில்லை. தேநீர். யாராவது செத்தாலும் டீ, கல்யாணம் நிச்சயமானாலும் டீ, உயில் பற்றிப் பேசினாலும் டீ. அந்தக் கதை நடக்கிற அதே வருஷங்களில், மூணாறு மலையில் விளைந்த தேயிலை இங்கிலாந்து போன வழி குரங்கணி வழியாகத்தான் இருந்தது. கண்ணன் தேவன் கம்பெனி ஆரம்பித்தது 1897இல். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908இல் அதை மாற்றிச் சின்ன ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து மலையின் இந்தப் பக்கம் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, அப்புறம் ரயில், கப்பல். 1924 வெள்ளத்தில் மலைமேல் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் அப்படியே நிற்கின்றன. சென்ட்ரல் ஸ்டேஷன் போகிறேன் என்று ஒருவர் குரங்கணியில் சொன்னால், ரயில் பிடிக்கப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்!

அந்தப் பெட்டிகளை வண்டியில் ஏற்றியவர்களையும், மலையில் கொழுந்து கிள்ளியவர்களையும் வைத்து ஆறு சீசன் எடுக்க யாரும் வரவில்லை. அதனால்தான் 'மேற்குத் தொடர்ச்சி மலை' முக்கியமான படமாகிறது.

2018 ஆகஸ்ட் 24இல் வந்தது. லெனின் பாரதிக்கு முதல் படம், தயாரிப்பு விஜய் சேதுபதி, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை இளையராஜா. போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் தாண்டித் தெற்கே போனால் தேவாரம், அப்புறம் இளையராஜாவின் பண்ணைப்புரம், அடுத்துக் கோம்பை. இந்த ஊர்களுக்கு மேலே நிற்கிற மலைதான் படத்தின் களம். முக்கியமான விஷயம், இந்தப் படத்தில் இடம் பொய் சொல்லவில்லை. இந்த மலை இந்த மலையாகவே நடித்தது. திரையில் வரும் முகங்கள் பலவும் உள்ளூர் முகங்கள்.

கதை ரொம்பச் சின்னது. ரங்கசாமி என்று ஒரு சுமைக்காரன் (ஆண்டனி நடித்திருப்பார்). மலைக்கும் அடிவாரத்துக்கும் நடந்தே மூட்டை சுமப்பவன். அடிவாரத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒருமுறை பத்திரம் முடியும் நேரத்தில் நிலத்துக்காரர்களின் குடும்பச் சண்டையில் நின்றுபோகிறது. இன்னொருமுறை, அவன் நம்பிச் சுமந்துவந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறிப் போகிறது. அந்தக் காட்சியில் வசனம் தேவைப்படவில்லை. ஒரு மூட்டை ஏலக்காய் என்றால் எத்தனை நாள் உழைப்பு என்று போடியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். செடியின் அடியில், தரையோடு ஒட்டிப் படர்கிற சரத்தில்தான் காய் இருக்கும். குனிந்து உட்கார்ந்து, பழுத்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்த பச்சைக் காயில் ஐந்து கிலோ போட்டால் காய்ந்து வருவது ஏறக்குறைய ஒரு கிலோ. பிறகுதான் தரம் பிரிப்பு, ஏலம் எல்லாம்.

கடைசியில் ரங்கசாமிக்கு நிலம் கிடைக்கிறது, கையில் நிற்கவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் போய்விடுகிறது. படத்தின் முடிவில், தனக்கென்று இருந்த மண்ணிலேயே யாரோ நட்ட காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போகப் போக வரிசையாகக் காற்றாலைகள். படம் பார்த்து அழகு என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கடைசிக் காட்சியை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்க முடிந்தால் அவர்கள் பெரிய மனசுக்காரர்கள்தான்.

குறை இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. யூனியன், கொலை என்று போகும் இரண்டாம் பாதி கொஞ்சம் அவசரமாக ஓடும். அதுவரை ஒரு டீக்கடையையும் நடைபாதையையும் அவ்வளவு பொறுமையாகக் காட்டியவர்களுக்கு, திடீரென்று பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததுபோல ஒரு வேகம்.

அதே 2018இல், மார்ச் 11ஆம் தேதி குரங்கணி இன்னொரு விதத்தில் நாடு முழுக்கத் தெரிந்தது. மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று தகவல் கேட்டு முதலில் மேலே ஓடியவர்களில் ஊர்க்காரர்களும் உண்டு. போர்வையிலும் தூளியிலும் கட்டித் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். சுமை தூக்கிப் பழகிய தோள்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டாகிவிட்டன. மைனா எடுத்த இடம் எது, தீப்பிடித்த இடம் எது.

மூட்டை சுமந்து நடக்கிற பாதையில் இப்போது ஆள் குறைவு. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் கிளம்பும். ஆறேழு பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணுவது கஷ்டம். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. பெரும்பாலும் பெண்கள். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட வேண்டும், நேரம் தாண்டினால் அன்றைய கூலி இல்லை.

சனி, ஞாயிறுகளில் மேல் வளைவுகளில் சுற்றுலாக் கார்கள் பாதி ரோட்டை அடைத்து நிற்கும். கீழே போடி மொத்தமும் தெரியும், மேகம் கைக்கெட்டும் தூரத்தில் போகும், யாருக்குத்தான் போட்டோ எடுக்கத் தோன்றாது? பின்னால் வருகிற ஜீப் டிரைவர் ஹாரன் அடிப்பார். செல்ஃபி எடுப்பவர், "ஒரு நிமிஷம் அண்ணே" என்று கை காட்டுவார். ஜீப்பின் பின்சீட்டில் இருக்கிற அக்கா தலையை வெளியே நீட்டி, "தம்பி, எங்களுக்கு மணியாச்சுய்யா" என்பார். தம்பி நகர்வார். ஜீப் அடுத்த வளைவில் திரும்பி ஏறும்.